கேட்டுக்கு வந்த ஒடிசா

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அறுப்பதற்கு எங்கள் ஆட்களில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தவர்கள். அதனால் முதற்பலன் என்று பூசணிக்காய்க்குப் பக்கத்தில் பனியன் கட்டுகளை வைப்போம். ஆராதனை முடிந்ததும் அசனம். ஆண்கள் அண்டா வைத்துச் சமைக்க, சபையே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். சமையலுக்குத் தலைமை என் அப்பா. கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். அன்றைக்கு மட்டும் கறிச்சோற்றுக்கு மாஸ்டர்.

அந்த வருஷம் எனக்கு எட்டு வயது. காலையில் பைபிளின் அறுபத்தேழாம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லி ஒரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருந்தேன். அதைக் கீழே வைக்காமல் எல்லோர் கண்ணிலும் படும்படி திரிந்தேன்.

பந்தி தொடங்கும் நேரத்தில் ஒடிசாப் பையன்கள் ஆறேழு பேர் கேட்டருகே வந்து நின்றார்கள். அப்பாவின் கம்பெனியில் தைக்கிறவர்கள். கறி வாசனை அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகை வரைக்கும் போயிருக்கும். அப்பா கையைத் தூக்கி உள்ளே வரச் சொன்னார். சபையை நிர்வகிக்கிற மூப்பர் மறித்தார். அவர் உள்ளூர்க்காரர். அந்தக் கம்பெனிக்கு முதலாளியும் அவர்தான்.

"ஏனுங்க மாஸ்டர், சபைக்கு வரி குடுத்தவங்களுக்கே சோறு பத்துமான்னு தெரியலீங்க. அவங்களப் போகச் சொல்லிருங்க."

இந்த ஊரில் துரத்துவதைக்கூட மரியாதையாகத்தான் செய்வார்கள். பையன்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கையசைப்பு புரிந்தது. திரும்பினார்கள்.

அப்பா கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டார்.

"நம்ம மிஷனெரிமாரு போயிருக்க ஊருன்னு செவத்துல ஒடிசா படத்த மாட்டி, மாசாமாசம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுதோம். இப்ப ஒடிசாக்காரன் கேட்டுல வந்து நிக்கான், போன்னு சொல்லுதீய."

அது வேறு, இது வேறு என்றார் மூப்பர். மிஷனெரிகளுக்குப் போகிற காணிக்கையில் தன் பங்குதான் அதிகம் என்றும் சொன்னார். அது பொய்யில்லை. படத்தில் இருக்கிற ஒடிசாவுக்கு அவர் தாராளமாகத்தான் கொடுத்தார்.

அப்பா என்னைக் கூப்பிட்டு, காலையில் சொன்ன சங்கீதத்தை மறுபடி சொல்லச் சொன்னார். எனக்குக் கொண்டாட்டம். தேவன் எங்களுக்கு இரங்கி எங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு மூச்சு வாங்கினேன்.

"அம்புட்டுத்தானா? எதுக்கு ஆசீர்வதிக்கணும்னு போட்டிருக்கே, அதையும் சொல்லு பிள்ள."

அவருடைய வழி பூமியெங்கும் தெரிய வேண்டும், எல்லா ஜனங்களும் அவரைத் துதிக்க வேண்டும், அதற்காக என்று சொன்னேன். நிலம் தன் பலனைத் தரும் என்ற வரியையும் விடவில்லை.

"கேட்டியளா? நம்ம வயிறு ரொம்புததுக்கு மட்டும் குடுக்கல. முதற்பலன்னு அங்க வச்சிருக்கோமே பனியன், அதத் தச்சதே இவனுவதான்."

அம்மா பந்தியிலிருந்து எழுந்து போய்க் கேட்டைத் திறந்து, தெருவில் தயங்கி நின்ற பையன்களைக் கூட்டி வந்து உட்காரவைத்தாள். அப்பா நல்ல துண்டுகளாகப் பார்த்து முதலில் அவர்களுக்குத்தான் பரிமாறினார். சோறு எல்லோருக்கும் போதுமாக இருந்தது, மீந்தும் போனது. அற்புதமெல்லாம் ஒன்றுமில்லை. முதலிலேயே நிறையத்தான் சமைத்திருந்தார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து அப்பா ஊரைத் தாண்டி மங்கலத்தில் ஒரு சின்னக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அங்கே கேன்டீன் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு என் பரிசு டிபன் பாக்ஸைத்தான் எடுத்துக்கொண்டு போனார். என் அப்பாவை இன்னொரு கம்பெனிக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று வகுப்பு முழுக்கப் பெருமையடித்தேன். அம்மா காதிலும் விழுந்தது. அவள் திருத்தவில்லை.

மூப்பர் அப்பாவை வேலையை விட்டு நிறுத்தியது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் "இனி வரவேண்டாமுங்க மாஸ்டர்" என்று மரியாதையாகவே சொன்னாராம். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது. ஆனால் நான் வகுப்பில் பெருமையடித்ததில் தப்பே இல்லை. எதற்காக என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தெரியாது.