எலி மருந்தும் செபமாலையும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அதனால் பல்கலைக்கழகக் கம்பஸில் ஓர் அயர்லாந்து நாடகத்தை ஆங்கிலத்திலிருந்து நானே தமிழாக்கி, அதில் முக்கிய வேடத்திலும் நடிக்கப்போகிறேன் என்றபோது கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனையே கைதட்டும் என்று எதிர்பார்த்தேன்.

"கூத்தாடவா உன்ட மகள் இவ்வளவு படிச்சா?" என்றார் எதிர்வீட்டு அன்ரி. அம்மா தலையைக் குனிந்துகொண்டு வாசலைக் கூட்டினார். அதுதான் சுட்டது. அந்த அன்ரிக்கு முன்னால் அம்மா ஒருதடவையாவது என்னைப் பற்றிப் பெருமையாகப் பேச வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

"நல்ல நாடகமா மகள்?" என்று அம்மா இரகசியமாகக் கேட்டார்.

"ஓம் அம்மா. கிராமத்துக் கத்தோலிக்க ஆக்கள். ஒரு செத்த வீடு. செபமாலை எல்லாம் வரும்."

ஒரு சொல்லும் பொய்யில்லை. நாடகத்தில் செத்த கிழவர் என் அப்பா, நிலத்துக்காக அவருக்கு எலி மருந்து வைத்தவள் நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

நாடகம் நடந்த வெள்ளவத்தை மண்டபத்தின் முன்வரிசையில், அம்மாவும் எதிர்வீட்டு அன்ரியும் உட்பட, எங்கள் ஒழுங்கையின் செபக்குழுப் பெண்கள் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாடகைக்கு வான் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். செத்த வீடு என்று கேள்விப்பட்டதால் எல்லோரும் வெள்ளைச் சேலை.

இரண்டாம் காட்சி. பெட்டிக்குள் பிணமாக என் வகுப்பு நண்பன். நான் போலிக் கண்ணீரோடு 'அருள் நிறைந்த மரியே'யைத் தொடங்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரன் உடனே குறுக்கிட்டு உருளைக்கிழங்குக் காணிக்குச் சண்டை பிடிப்பான். நான் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினேன். மறுபாதியை முன்வரிசை ஒரே குரலில் சொன்னது.

தோட்டக்காரன் வாயைத் திறந்தான். எதிர்வீட்டு அன்ரி அவனை முறைத்தார். மூடிக்கொண்டான்.

செபமாலையின் பத்து மணிகளையும் முடிக்காமல் அவர்கள் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவதைத் தொடங்கினேன். பின்வரிசைகள் இதெல்லாம் நாடகம்தான் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தன. ஐந்தாவதில் பிணத்தின் வயிறு குலுங்கியது. நான் ஒரு பூவளையத்தை எடுத்து அதன்மேல் வைத்தேன். பத்தும் முடிந்ததும் அம்மா, சரி, இனி நடத்து என்பதுபோல் கையைக் காட்டினார்.

அடுத்த வசனம் என்னுடையது.

"சூப்பில ஒரு கரண்டிதான் எலி மருந்து போட்டனான். ரெண்டு போட்டிருந்தா மனுசன் இவ்வளவு இழுத்திருக்காது."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. வெள்ளை வரிசையில் ஒரு சேலைகூட அசையவில்லை. மீதி நாடகம் முழுக்க நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் பதினொரு பேரும் வந்து நின்றார்கள்.

"பெத்த அப்பனையே கொன்னுபோட்டாளே உன்ட மகள்!" என்றார் அன்ரி.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "கொன்னா என்ன? பத்தையும் பிழையில்லாமச் சொன்னாளா இல்லையா? உன்ட மகளுக்கு அஞ்சாவதிலயே நித்திரை வந்திடும்."

எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை போலி இல்லை.

அடுத்த மாதம் எங்கள் ஒழுங்கையில் உண்மையாகவே ஒரு செத்த வீடு. செபத்தைத் தொடங்க அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டார். "கம்பஸ் புள்ள சொல்லட்டும்." சொன்னேன். முடிந்ததும், உதவியாக இருக்கட்டுமே என்று குசினிக்குள் போய்த் தேநீர்க் கேத்தலைத் தூக்கினேன். அன்ரி ஓடிவந்து அதைப் பிடுங்கினார்.

"நீ செபத்தை மட்டும் சொல்லு புள்ள. தேத்தண்ணிய நாங்க ஊத்துறம்."