விரும்பிக் கேட்டவர்கள்

இன்று காலை தாதி ஊசி போடுவதற்காக என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தாள். முழங்கால் ஒப்பரேஷனுக்கு வந்து படுத்திருக்கிறவனுக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஹெட்போன் ஞாபகம். சிரிக்காதீர்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், ஜெர்மனியில் இதே டுசல்டோர்ஃபில், நான் வானொலியில் இருந்தவன். ஒலிபரப்பு எல்லை இந்த ஒரேயொரு ஆஸ்பத்திரி. நேயர்கள் எல்லாரும் எழும்பி ஓட முடியாதவர்கள்.

கிழமை நாட்களில் பெட்டி தூக்கும் வேலை, ஞாயிறு பின்னேரம் ஆஸ்பத்திரி நிலவறையில் தொண்டு. ஊரில் அறிவிப்பாளர்களைப் போலப் பேசிக் காட்டிக் கைதட்டு வாங்கிய நினைப்பில் மைக்குக்கு ஆசைப்பட்டுப் போனேன். கிடைத்தது பஞ்சும் ஸ்பிரிட்டும். ஹெட்போன்களைத் துடைத்துக் கட்டில் கட்டிலாகக் கொடுத்து, யாருக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு வர வேண்டும். மைக் ஹெல்காவுடையது. தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். என் ஜெர்மனைக் கேட்டால் பல்வலி வந்தவர் போல முகத்தை வைத்துக்கொள்வார். ஒரு பாட்டுக்கு, விரும்பிக் கேட்டவர் பெயர் ஒன்றுதான் வாசிக்கலாம் என்பது அவருடைய சட்டம்.

அப்படிப் போனபோதுதான் ரோசம்மா அக்காவைக் கண்டேன். மன்னார் ஆள். ஹோட்டலில் துப்புரவு வேலை. கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அடுத்த நாள் காலை இதயத்தில் ஒப்பரேஷன். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வைத்தியர் சொன்னதைத் தமிழில் விளக்கச் சொல்லி என்னைப் பிடித்தார்கள். விளக்கினேன். அவருக்கு அதெல்லாம் ஏற்கெனவே விளங்கித்தான் இருந்தது.

"என்ர ஆக்கள் ஒருத்தரும் இல்லாமல் மயங்கிப்போக என்னால ஏலாது, தம்பி."

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். என்ன பாட்டு வேணும் அக்கா என்று கேட்டேன். மாதா பாட்டு என்றார், கசெற் அவர் பையிலேயே இருந்தது. யார் பெயரில் என்று கேட்டதுதான் தாமதம், எழும்பி உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊர் வானொலி உங்களுக்கு நினைவிருக்குமே? பாட்டைவிட விரும்பிக் கேட்டவர்களின் பெயர்கள்தான் நீளம். மாமா, மாமி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வரை வரும். அக்காவும் அப்படியே தொடங்கினார். கனடாவிலிருந்து அண்ணன் அன்ரன், லண்டனிலிருந்து தங்கச்சி செல்வி, ஊரில் பேசாலையிலிருந்து மூத்தக்காவும் மக்களும், கடைசியாகத் தம்பி யூட். அவர் எந்த நாடு என்று கேட்டேன். இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினவன், போய்ச் சேரவில்லை என்றார். என் பேனை நின்றுவிட்டது.

"அவன்ர பேரை விட்டிடாதேங்கோ."

ஹெல்காவிடம் பெயர்களைக் காட்டினேன். இவர்கள் எவருக்கும் நம் வானொலி கேட்காதே, பிறகேன் வாசிப்பது என்றார். நியாயமான கேள்விதான். திரும்பவும் மேலே ஓடி அக்காவிடமே கேட்டேன்.

"அவையளுக்குக் கேக்கிறதுக்கே, தம்பி? எனக்குக் கேக்கத்தான்."

கீழே வந்து அதை ஜெர்மனில் சொன்னேன். இலக்கணம் எந்தப் பக்கம் போனதோ தெரியாது. ஹெல்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நாற்காலியை விட்டு எழும்பி, நீயே வாசி, எனக்கு இந்தப் பெயர்கள் வாயில் வராது என்றார்.

இத்தனை நாள் ஆசைப்பட்ட மைக். கிட்ட இழுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பெயரையும் ஊரோடு சேர்த்து நிறுத்தி வாசித்தேன். யூட்டுக்கு ஊர் இல்லை. "அன்புத் தம்பி யூட்" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது, ஒளிப்பானேன்.

பாட்டு முடிந்ததும் மேலே போனேன். அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை.

"எல்லாரும் வந்திட்டினம். எங்கை கையெழுத்து வைக்கிறது?"

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. அடுத்த ஞாயிறு, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் கிழக்கிலிருந்து ஓடிவந்த கிழவர் ஒருவர், தன் பழைய தெருக்காரர் பெயர்களையெல்லாம் எழுதச் சொன்னார். ஹெல்கா அதற்குப் பிறகு சட்டம் பேசவில்லை.

இப்போது கட்டிலுக்கு மேல் பெரிய திரை தொங்குகிறது, எண்ணி முடியாத சானல்கள். நம் நிலவறையில் அழுக்குத் துணி வைக்கிறார்களாம். ஹெல்கா உயிரோடு இல்லை. ரோசம்மா அக்காவும் போன வருடம் போய்விட்டார். நாளைக்கு எனக்கு ஒப்பரேஷன். வெறும் முழங்கால்தான் என்று மனைவியிடம் வீரம் பேசி அனுப்பிவிட்டு, என் ஆட்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அம்மா, அப்பா, ஹெல்கா, ரோசம்மா அக்கா, நான் ஒருநாளும் கண்டிராத அன்புத் தம்பி யூட். பெயர்களெல்லாம் ஆயத்தமாக இருக்கின்றன. வந்து கேட்டு எழுதிக்கொண்டு போகத்தான் ஒருவரும் இல்லை.