பதினான்கு மாடியும் ஒரு பூவரசமரமும்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாம்பலம் ஸ்டேஷனில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்துக் கிண்டியில் இறங்கினேன். அங்கிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். தரைவழிப் பயணம் அதோடு முடிந்தது. மிச்சம் பதினான்கு மாடி. மேலிருந்து கீழே, கயிற்றில்.

தி. நகரில், நடக்கச் சிரமப்படும் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். அந்த மையத்துக்கு ஒரு வேன் வாங்க நன்கொடை திரட்டத்தான் இந்தக் கூத்து. சைதாப்பேட்டையில் அடையாற்றோரக் குடிசைகளை அகற்றியபோது, மையத்துக்கு மகளைக் கூட்டிவந்துகொண்டிருந்த தேவியின் குடும்பத்தைத் தொலைவில் பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஏழு வயது மகள் தர்ஷினியை இடுப்பில் சுமந்து வாராவாரம் இரண்டு பஸ் மாற அவளால் முடியவில்லை. பயிற்சி நின்றது. நாலடி எடுத்துவைக்கத் தொடங்கியிருந்த கால் மறுபடி விறைக்கிறது. எங்கள் மேற்கு மாம்பலம் தெருக்காரர்களோ, "கயித்துல இறங்கினா பணம். லிஃப்ட்ல வந்தா கைதட்டல் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார்கள். பொல்லாத ஜனங்கள்!

கட்டட வாசலில் தேவி மகளோடு காத்திருந்தாள்.

"டீச்சர், மேலேர்ந்து எங்க பழைய வூட்டாண்ட பூவரசமரம் கீதானு பாரு" என்றாள் தர்ஷினி.

"வரும்போது சைதாப்பேட்டை பாலத்துல நீ பாக்கலியா?"

"பஸ்ஸுல எல்லாரோட இடுப்புதான் தெரிஞ்சிது."

"வெட்டிட்டாங்களோ இன்னாவோ, தெர்ல" என்று தேவி என் காதருகே சொன்னாள்.

மொட்டைமாடியில் கயிறு கட்டிவிட்டவர் மார்ட்டின், சாந்தோம்காரர். "ஆன்ட்டி, முதல்ல இடது கால். கயிறு வலது பக்கம் வருது, மறந்துடாதீங்க."

நன்றாகத் தலையாட்டினேன். புது வீடோ புது வண்டியோ, வலது காலை முன்வைத்தே பழகிய உடம்பு கேட்குமா? 'முருகா' என்று வலது காலை எடுத்துவைத்தேன். கயிறு என்னைச் சுழற்றிவிட்டது. சுவருக்கு முதுகும் ஊருக்கு முகமுமாகத் தொங்கினேன்.

"ஐயோ, போச்சு!"

"ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி, இன்னொரு கயிறு பிடிச்சிருக்கு. மேல இழுத்துடட்டுமா?"

"இழுத்தா லிஃப்ட்லதானே கீழ வரணும்?"

"ஆமா."

"அப்போ இழுக்காதே! இப்படியே இறக்குப்பா."

மெல்ல இறக்கினார். ஹாரன் சத்தமெல்லாம் எங்கோ அடியில் தங்கிவிட்டது. பனிமூட்டத்தில் சைதாப்பேட்டை பாதி கரைந்திருந்தது. ஒரு பருந்து என் காலுக்குக் கீழே போயிற்று. பருந்தின் முதுகை அன்றுதான் பார்த்தேன். தூரத்தில் கடலா வானமா என்று தெரியாத ஒரு வெளுத்த கோடு. முழங்கால் வலி, பயம் எதுவும் என்னிடம் இல்லை. இப்படியே தொங்கிக்கொண்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஆறு வளைந்து வளைந்து மின்னியது. கரையில் வேலி, வேலிக்குள்ளும் வெளியிலும் மரங்கள். எது பூவரசு, எது தூங்குமூஞ்சி? அவ்வளவு உயரத்திலிருந்து எல்லாம் ஒரே பச்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தரை தொட்டதும் தேவி என்னைத் தாங்கிக்கொண்டாள்.

"மரம் கீதா?" என்றாள் தர்ஷினி.

இருக்கு என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "தெரியலடி. அங்கேர்ந்து எல்லா மரமும் ஒண்ணாத்தான் இருக்கு."

"நீ சரியாவே பாக்கல டீச்சர். வேன் வரட்டும். ஜன்னலாண்ட சீட்டு எனக்கு. நானே பாத்துக்கறேன்."

திரும்பும் ரயிலில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. கிண்டியைத் தாண்டியதும் அடையாற்றுப் பாலம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். முதலில் அவள் பார்க்கட்டும்.