அடுத்த மைலில் ஒரு சாமி

போன வாரம் பதுளை ஸ்டேஷன் வாசலில் ஒருவன் என்னை மடக்கினான். கையில் ஒரு புட்டி. மூன்றே வாரத்தில் தொப்பை கரைந்துவிடுமாம். நடக்க வேண்டாம், வாயைக் கட்ட வேண்டாம், படுக்கப் போகும்போது ஒரு மூடி குடித்தால் போதுமாம்.

அதை என்னிடம் சொல்கிறான். என் விலா எலும்பைச் சட்டைக்கு மேலேயே எண்ணலாம்... ரயில் வந்ததிலிருந்து இந்த ஊரில் யாரும் ஆளைப் பார்த்து விற்பதில்லை.

சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க ஒரு அம்மாவின் ஞாபகமாகவே இருந்தது. எந்தப் புட்டியும் இல்லாமல் உடம்பை இளைக்க வைத்தவர். அதை நான் என் கண்ணால், வாரத்துக்கு இரண்டு தடவை பார்த்தேன்.

அப்போது நான் மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தபால்காரன். அரசாங்கத் தபால்காரன் இல்லை. துரையின் கடிதப் பை, பாண் ரொட்டி, ஒரு பெட்டி இறைச்சி — இவற்றைப் பதுளையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுபோகிறவன். புதனும் ஞாயிறும் இறங்குவேன். வண்டிப்பேட்டையில் சாக்கை விரித்துப் படுப்பேன். மறுநாள் விடியுமுன் திரும்ப ஏறுவேன். அட்டை கடிக்கும், மழை கொட்டும், காய்ச்சல் வரும். காய்ச்சலோடும் நடக்கலாம், பழகிவிட்டால்.

பதுளைக் கடைத்தெருவில் அருணாசலம் பிள்ளை என்று ஒரு மளிகைக் கடைக்காரர். அவர் சம்சாரம் மீனாட்சியம்மாள். அவர்களுடைய ஒரே மகள் தங்கத்தை எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மகள் எழுதுகிற சீட்டை அம்மாவிடம் கொடுப்பது என் பையில் ஒட்டிக்கொண்ட உபரி வேலை. சைவ வீடு. காலியாக இருந்தாலும் இறைச்சிப் பெட்டியைத் தெருவிலேயே வைத்துவிட்டுத்தான் நான் வாசலுக்குப் போக வேண்டும்.

பிள்ளை ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். அம்மா அப்படி இல்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த கதவை அவருக்காகவே அகலப்படுத்தினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பிள்ளை அதில் பெருமைப்பட்டார். "நம்ம கடை நெய் எப்படின்னு கேட்கிறவனுக்கு நான் சாம்பிள் காட்டுறதில்லை, இவளைக் காட்டுறேன்" என்பார். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

சிரிப்பு நின்றது தங்கத்தின் முதல் பிரசவத்தில்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். யாருக்குத் தெரியாது? ஆனால் அந்த வருஷம் மழையில் பாதை சரிந்து, தங்கத்தை இறக்கிக் கொண்டுவர முடியவில்லை. வலி முன்னாலேயே கண்டுவிட்டது. அம்மா மாட்டுவண்டியில் ரோடு முடியும் இடம் வரை வந்தார். அங்கிருந்து தோட்டத்துக்கு ஐந்து மைல் ஒற்றையடி ஏற்றம். இரண்டாவது மைலில் ஒரு பாறை இருக்கிறது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். ஒருவன் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டான். "என்னை இறக்குங்கப்பா" என்று அம்மாவே சொல்லித் திரும்பிவிட்டார்.

மேலே குழந்தை பிறந்தது. அழவில்லை. அதைப் புதைத்த பிறகு, அந்தச் சீட்டையும் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

அடுத்த வருஷம் தங்கம் மறுபடி மூன்று மாதம் என்று சீட்டு வந்தது. கூடவே, இந்தத் தடவை ஆளை அசைக்கக் கூடாது, வண்டியிலோ டோலியிலோ ஏற்றவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டதாக மாப்பிள்ளை எழுதியிருந்தார். அம்மா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏப்பா தபாலு... நான் மாசத்துல பத்து நாள் விரதம் இருக்கேன். நீ ஒரு நாளும் இருக்கிறதில்லை. நீ எலும்பா இருக்கே, நான் இப்படி இருக்கேன். அது எப்படி?"

விரத நாளில் ராத்திரி என்ன சாப்பிடுவீங்க என்று கேட்டேன். சோறே தொடமாட்டேன், பலகாரம் மட்டும்தான் என்றார். என்ன பலகாரம்? இட்லி. உளுந்து வடை. சர்க்கரைப் பொங்கல். நெய்யில் வதக்கிய ரவை. வாழைப்பழம். பாயசம்... ஏழாவதைச் சொல்ல வாயெடுத்தவர் தானே நிறுத்திக்கொண்டார்.

வாசகர்களே, நம் வீடுகளில் இது நடக்காமலா இருக்கிறது? பகலில் சாமிக்காகப் பட்டினி. ராத்திரி, சாமி சார்பாக மூன்று பேர் சாப்பாடு. மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பச்சைத் தண்ணி குடிச்சாலும் உடம்பு வைக்குதே" என்று ஆச்சரியம்.

அந்த அம்மா அன்றைக்கே விரதத்தை நிறுத்தினார். கோயில் குருக்களிடம் நேரே போய், பேரப்பிள்ளை பிறக்கிற வரைக்கும் கந்தசாமி மன்னிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கந்தசாமி என்ன சொன்னாரோ தெரியாது. பலகாரத்தில் பங்கு வாங்கிக்கொண்டிருந்த குருக்களுக்கு ரொம்ப வருத்தம்.

நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். காலையில் குரக்கன் என்கிற கேழ்வரகில் சுட்ட ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும், மத்தியானம் வழியில் எது கிடைக்கிறதோ அது, இருட்டுமுன் கொஞ்சம் கஞ்சி. அதையேதான் தானும் சாப்பிடப்போவதாகச் சொன்னார். நெய்க்கடைக்காரர் வீட்டில் குரக்கன் மாவு! பிள்ளை தலையில் கை வைத்தார். கடைச் சரக்கு கெட்டுப்போச்சுன்னு ஊர் நினைக்குமே என்று அவருக்குப் பயம்.

சாப்பாடு வீட்டுக்குள் நடக்கிற விஷயம். நடப்பது அப்படியா?

முதல் நாள் பசறை ரோட்டில் விடியற்காலை தனியாக இறங்கினார். நம் ஊரில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் "எங்கேம்மா போறீங்க?" என்று கேட்பார்கள். அது ஒரு மரியாதை. அதற்கு ஒரு பதில் வேண்டும். அவர் "சும்மா" என்றார். சாயங்காலத்துக்குள் செய்தி கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது — பிள்ளைக்கும் சம்சாரத்துக்கும் சண்டை, அந்த அம்மா வீட்டை விட்டுப் போகப் பார்த்தது.

மறுநாள் கையில் ஒரு நல்லெண்ணெய்ப் புட்டியோடு இறங்கினார். முதல் மைல் கல்லருகே அரசமரத்தடியில் ஒரு பிள்ளையார். எங்கேம்மா போறீங்க? பிள்ளையாருக்கு விளக்குப் போட. அவ்வளவுதான், எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டார்கள்.

அந்த ஒரு மைலுக்கு நடுவே ஐந்து தடவை உட்கார்ந்தார். நான் திங்களும் வியாழனும் ஏறும்போது கூடவே வருவார். சுமையோடு நான் நின்று காத்திருந்தால் பிடிக்காது. "நீ போ. துரை பாண் காய்ஞ்சு போகும்" என்று விரட்டுவார். மூச்சு வாங்கும்போது பேசமாட்டார். எத்தனை தடவை உட்கார்ந்தேன் என்று மட்டும் விரலில் எண்ணிக்கொள்வார். ஐந்து நாலானது. மூன்று வாரத்தில் ஒன்று. பிறகு ஒரு வியாழக்கிழமை உட்காரவே இல்லை. பிள்ளையாருக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த மைல்ல என்ன சாமிப்பா இருக்கு?"

மாடசாமி இருந்தார். அதற்கும் அடுத்த மைலில் முனியாண்டி. சுருட்டும் சாராயமும் வாங்கிப் பழகிய முனியாண்டிக்கு நல்லெண்ணெயோடு வந்த முதல் ஆள் இவராகத்தான் இருக்கும். ஆனால் ரோடு வளைந்து வளைந்து மெதுவாக ஏறுகிறது. எங்கள் பாதை சுவர் மாதிரி நிற்கும். அதைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. ரோட்டுக்கு மேலே ஒரு தோட்டம், அதன் உச்சியில் தொழிலாளிகள் கும்பிடுகிற காளி. தேயிலைக்கு நடுவே படி வெட்டியிருக்கும், முழங்கால் உயரத்துக்கு ஒவ்வொன்றும். அதில் ஏறத் தொடங்கினார்.

கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு நல்ல வேடிக்கை. "கடைக்கார அம்மா, கூடையும் எடுத்துட்டு வாங்க, கங்காணிகிட்டச் சொல்லிப் பேரு போட்டுடலாம்" என்றாள் ஒருத்தி. பேர் போடுவது என்றால் ஒரு நாள் வேலைக்குப் பதிவு. "ஏறி முடிச்சுட்டு வரேன்டி, ரெண்டு பேரா போடச் சொல்லு" என்றார் இவர். ஒரு மாதம் போனபிறகு அந்தப் பெண்களே மேலே நின்று, "இன்னும் ரெண்டு படிதாம்மா" என்று குரல் கொடுத்தார்கள்.

எல்லாம் நேராகப் போகவில்லை. மழைக்காலத்தில் அட்டை கடித்த இடம் புண்ணாகிக் கால் வீங்கியது. பத்து நாள் கட்டிலில் கிடந்தார். அந்தப் பத்து நாளில் பிள்ளை ஆசையாக நெய் தோசை சுட வைத்துத் தானே கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். முதல் தோசையைத் தின்றாராம். இரண்டாவதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தட்டைத் தள்ளிவிட்டு அழுதாராம். இதைப் பிள்ளைதான் என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை.

பதினோராம் நாள், காலில் துணி சுற்றிக்கொண்டு மறுபடி முதல் மைல் பிள்ளையார். இரண்டு தடவை உட்கார்ந்தார்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மேலே போய்விடுவது என்று ஏற்பாடு. எட்டாம் மாதம் நடுவிலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையின் சீட்டோடு நான் இறங்கினேன். வயிறு இறங்கிவிட்டது, இந்த வாரத்தைத் தாண்டாது என்று மருத்துவச்சி சொல்கிறாள். அம்மா அதைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். இன்னும் ஒரு மாதம் நடந்தால்தான் அந்த ஏற்றத்துக்குத் தயார் என்று அவரே எனக்குச் சொல்லியிருந்தார். அந்த மாதம் இப்போது இல்லை.

"விடியுமுன்ன வண்டி கட்டச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

திங்கள் மத்தியானம் ரோடு முடிந்தது. நாற்காலி கொண்டு நாலு பேர் அங்கே காத்திருந்தார்கள், மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். அம்மா அவர்களுக்கு வெற்றிலை கொடுத்துத் திருப்பி அனுப்பினார். புடவையை இழுத்துச் செருகினார். ஏறினார்.

முதல் மைலில் ஒரு ஓடை. ஒற்றை மரம்தான் பாலம். அதில் நடந்தார். கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டார், கால் தடுமாறவில்லை. அடுத்த ஏற்றத்தில் நான் பின்னாலேயே போனேன், விழுந்தால் பிடிக்கலாம் என்று. அவர் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பாறை வந்தது. அவர் போய் உட்கார்ந்தார். திரும்பிவிடுவாரோ என்று நான் சுமையை இறக்கி வைத்தேன்.

என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "பயப்படாதே. போன தடவை இங்க உட்கார்ந்து அழுதுட்டுத் திரும்பினேன். இந்தத் தடவை உட்கார்ந்து வெத்தலை போட்டுட்டுப் போறேன்."

போட்டார். எழுந்தார். மீதி மூன்று மைலில் எத்தனை தடவை நின்றார் என்று நான் எண்ணவில்லை. நிறையத்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் மேலே பார்த்தபடியே நின்றார்.

கணக்கப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் இருந்தது. பாயில் படுத்திருந்த தங்கம் எழுந்து உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்து அலறிவிட்டாள். ஒரு வருஷம் பார்க்காத பெண். கன்னம் ஒட்டி, ரவிக்கை தொளதொளத்து நிற்கிற அம்மாவுக்கு என்ன வியாதியோ, அதை ஏன் தன்னிடம் மறைத்தார்களோ என்று அவள் அழுகிறாள்.

"வியாதியெல்லாம் இல்லைடி" என்றார் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து. "உன்கிட்ட வரணும்னா அம்புட்டையும் தூக்கிட்டு வர முடியலை. வழியிலயே இறக்கி வெச்சுட்டேன்."

புதன்கிழமை வலி கண்டது. வியாழன் விடிந்து, பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆட்கள் கூடுகிற நேரம் வரைக்கும் விடவில்லை. மருத்துவச்சியே ஒரு கட்டத்தில் கையை விரித்தாளாம். அம்மா மகளைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடித்தபடி ராத்திரி முழுக்க நின்றிருக்கிறார். பழைய உடம்போடு அப்படி நிற்க முடியுமா? நான் மருத்துவன் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் — அவர் நின்றார். பிள்ளை அழுதது. பெண் குழந்தை.

நான் நிறைய ஊர் சுற்றியிருக்கிறேன். பலசாலிகள் என்று பேரெடுத்த பலரைப் பார்த்திருக்கிறேன், நெல் மூட்டையைப் பல்லால் தூக்குகிறவனைக்கூட. அவர்களில் யாரையும் இப்போது பேர் சொல்லி நினைவில்லை.

முப்பதாம் நாள் பேர் வைக்க அருணாசலம் பிள்ளை புறப்பட்டு வந்தார். ஈர்க்குச்சி உடம்பு, எவ்வளவு லேசாக ஏறுவார் என்று நானும் நினைத்தேன். ஆயுள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்தவர் அல்லவா... மூன்றாவது மைலில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னைத் தனியாக மேலே அனுப்பினார், அவர்களே பேரை வைத்துவிடட்டும் என்று.

நான் போய்ச் சொன்னேன். அம்மா பேத்தியைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தானே இறங்கி வந்தார். பிள்ளையின் குடையையும் பையையும் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பக்கத்தில் நின்றார்.

"அவசரமில்லைங்க. நல்லா மூச்சு வாங்கிட்டு எழுந்திரிங்க. இவ எங்கேயும் போயிடமாட்டா."