அம்மாவின் பித்தப்பை

அம்மாவின் பித்தப்பையை எடுத்த அன்று ஆஸ்பத்திரியில் அப்பாவின் கையில் இரண்டு போத்தல்கள் கொடுத்தார்கள். ஒன்றில் கற்கள். மற்றதில் மருந்துத் தண்ணீரில் மிதக்கும் பை. இரண்டையும் பரிசோதனைக்கு லெப்பில் கொடுக்கச் சொன்னார்கள். அப்பா கற்களை மட்டும் கொடுத்தார். பையைப் பசறை பஸ்ஸில் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் புதைத்தார். பிள்ளைகளான எங்கள் நஞ்சுக்கொடிகளைப் புதைத்ததும் அங்கேதான்.

“கல்லுதான் வியாதி. அதக் குடுத்தாச்சு. சதை அவளோடது, கண்டவன் கையில போகலாமா?” என்றார். லயமே தலையாட்டியது.

“என்னையப் பாதி அடக்கம் பண்ணிட்டாரு உங்கப்பா” என்று அம்மா மட்டும் கேலி செய்தாள்.

ஒன்றரை வருடம் கழித்து, காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற அம்மாவின் கண்கள் மஞ்சளாக இருந்ததைக் கூட நின்ற பெண்கள்தான் முதலில் கண்டார்கள். பதுளையில் டொக்டர், புற்றுநோய் ஈரல் வரை வந்துவிட்டது, தொடங்கிய இடம் பித்தப்பை என்றார். அன்று எடுத்த பையின் ரிப்போட் எங்கே என்று கேட்டார். நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். செல்கள் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லையாம். படிப்படியாக மாறுமாம். ஒவ்வொரு படியிலும் சில புரதங்கள் கூடும், சில காணாமல் போகும். அந்தப் பையை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்திருந்தால், நோய் எந்தப் படியில் நிற்கிறது என்று ஓரளவு தெரிந்திருக்கும். ஆரம்பப் படி என்றால் காப்பாற்றியிருக்கவும் முடியும்.

“என்னம்மா சொல்றாரு?” அப்பாவின் சிங்களம் சந்தையில் காய் வாங்க மட்டும்தான் போதும்.

“அப்பவே முத்திப்போச்சாம்பா.”

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா அம்மாவைச் சுடுகாடு வரை கொண்டுபோனார். கருமாதிக்கு வந்த எல்லோரிடமும் அதையே சொன்னார். நான் கொய்யா மரத்துப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். அம்மாவை எரித்ததைக் கண்ணால் பார்த்தவள்தான். இருந்தும் அவள் அந்த மரத்தடியில் இருப்பதாகவே எனக்குத் தோன்றும். மண்ணுக்குள் போகும்போது அந்தப் பை எந்தப் படியில் இருந்தது? முதல் படியா, கடைசிப் படியா? சோற்றைப் பிசையும்போது இந்தக் கேள்வி வரும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் வரும். லயத்துப் பிள்ளைகள் அந்த மரத்துப் பழத்தைக் கடித்துக்கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன மாதம் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவுக்கும் அதே ஒப்பரேஷன். லெப் பூட்டிவிட்டதால் பையைக் கொடுக்க முடியாமல், என்ன செய்வதென்று கேட்டு அவள் வீட்டுக்காரர் போத்தலோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

“நாங்களும் இப்படித்தான் செஞ்சோம் தம்பி. இவ அம்மாவுக்கு அப்பவே முத்திப்போச்சு. பாத்திருந்தாலும் பலனில்ல.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, அந்த மனிதர் கையிலிருந்து போத்தலைப் பறித்துக்கொண்டேன். “இத நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன். குடுத்தே ஆகணும்பா. அம்மாவோடதையும் குடுத்திருக்கணும்.”

அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப... முத்தலையா?”

“தெரியலப்பா” என்றேன். அதுதான் உண்மை. டொக்டருக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அன்றிலிருந்து அப்பா, முத்திப்போச்சு என்று யாரிடமும் சொல்வதில்லை.