புதுக் கம்ப்யூட்டரில் திறந்த பழைய பத்திரிகை

அன்று கடையில் இருந்தது நான்கு பேர். நான், என் மனைவி, இலஞ்சியிலிருந்து வந்த தேங்காய் வியாபாரி அண்ணாச்சி, சென்னையிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை. ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்கலாம் என்றால், வாங்கி நான்கு நாள்கூட ஆகாத புதுக் கம்ப்யூட்டர். அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நான் இன்னும் உரிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று ஒரு யோசனைதான்.

எங்கள் கடை தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, சடங்கு வீட்டு பேனர், சீசன் வந்துவிட்டால் குற்றாலத்துக் கடைகளுக்கு விலைப்பட்டியல், எல்லாம் அடித்துக் கொடுப்போம். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கம்பெனி கம்ப்யூட்டர். ஒன்று போனால் அதே கம்பெனியில் இன்னொன்று. அப்படி நான்கு பார்த்தாயிற்று. அது பெரிய பிடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன், பயம்தான். தெரிந்த ஒன்றை விட்டுத் தெரியாததற்குப் போனால் கை என்ன செய்யும் என்ற பயம். சாரல் காலத்தில் ஈரம் இறங்கிவிடும் என்று கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். குத்துக்கல்வலசை வரைக்கும் போனபிறகு, பல்பு தீப்பிடித்துவிடுமோ என்று திரும்பி வந்த நாட்களும் உண்டு.

கடைசிக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. பெரிய பேனர் வேலை ஏற்றினால் நடுவில் நின்றுவிடும். நான் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மறுபடி போடுவேன். கடையில் போட்டோ ஆல்பம் வேலை முழுக்க மனைவியுடையது. ஒருநாள் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இலஞ்சி முருகன்கூட இவ்வளவு கும்பிடு வாங்கியிருக்க மாட்டாரு. இந்தத் தடவ நான் சொல்லுத கம்பெனிதான். ஸ்டூடியோக்காரங்க எல்லாம் அதத்தான் வச்சிருக்காங்க."

வாங்கினோம். முதல் இரண்டு நாள் எனக்குப் பிடி கிடைக்கவில்லை. மூடுகிற பொத்தான் வலது மூலையில் இருக்க வேண்டியது, இதில் இடது மூலையில். சுண்டுவிரல் இருபத்திரண்டு வருஷமாகப் போய் அமுக்கிய இடத்தில் வேறு ஏதோ விசை. எல்லாவற்றையும்விட அந்த அமைதி. பழையதில் மின்விசிறி இரைந்துகொண்டே இருக்கும், உயிரோடு இருக்கிறது என்று தெரியும். இது ஓடுகிறதா இல்லையா என்று நான் காதை வைத்துக் கேட்டதை மனைவி பார்த்துவிட்டாள். "என்ன, நாடி பாக்கீங்களா?" என்றாள். ஆனால் முன்பு காப்பி குடித்துவிட்டு வரும்வரை யோசிக்கிற பேனர், இதில் கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தைப் பழையதற்குத் துரோகம் செய்வதுபோல ஒளித்து வைத்துக்கொண்டேன்.

பழையதை மெக்கானிக் எடுத்துக்கொண்டார். அதில் எத்தனை குடும்பத்தின் பேரும் முகவரியும் இருக்கிறது, யார் கையிலாவது சிக்கினால் என்ன ஆவது என்று பயந்து, "ஒண்ணு விடாம அழிச்சிருங்க" என்று பக்கத்திலேயே நின்று அழிக்க வைத்தேன். அதற்கு முன்னால் எல்லா ஃபைலையும் மூன்று பென்டிரைவில் எடுத்திருந்தேன். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், ஒன்று மச்சினன் வீட்டில். அதனால் அண்ணாச்சி வந்து கேட்டபோது எனக்குப் பயமே இல்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"இளையவளுக்கு ஆவணியில கல்யாணம் வே. மூத்தவளுக்கு அடிச்ச பத்திரிகையில பேரு எந்த வரிசையில இருந்துச்சோ, அதே வரிசை வேணும். ஒரு பேரு இங்கன அங்கன ஆகப்பிடாது."

காரணம் எனக்கும் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே முதல் பேர் தாய்மாமனுடையதா, அத்தை வீட்டு மாமாவுடையதா என்று அந்த வீட்டில் இரண்டு நாள் சண்டை. பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு வரிசையை முடிவு செய்தார்கள். அந்தப் பத்திரிகையில் ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்ததைக் கரையான் தின்றுவிட்டதாம். அந்த அத்தை, அண்ணாச்சியின் தங்கை, எனக்கு அக்கா மாதிரி, இப்போது என் எதிரில் உட்கார்ந்திருந்தார். காலையில் ஐந்தருவியில் குளித்த தலை இன்னும் காயவில்லை. சாயங்கால ரயிலில் அவர் சென்னைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவார்.

"எங்க வீட்டுக்காரரு பேருதான் மொதல்ல இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றார்.

"இல்ல தாயி, தாய்மாமன், எம் மச்சினன் பேருதான் மொதல்ல," என்றார் அண்ணாச்சி.

"அண்ணே, ஒனக்கு ஒன் பொண்டாட்டி சொல்லுததுதான் ஞாபகம்."

நான் ஃபைலைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்து. ஒரு சொல்கூடத் தமிழ் இல்லை.

மூன்று பென்டிரைவில் எடுத்தவன் ஃபாண்டை எடுக்கவில்லை. அந்தக் காலத்து ஃபாண்ட் ஒரு சட்டை மாதிரி. கம்ப்யூட்டர் உள்ளே சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே அந்தச் சட்டையைப் போட்டால்தான் தமிழாகத் தெரியும். சட்டை பழைய கம்ப்யூட்டரோடு அழிந்துவிட்டது. மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். "தேடிப் பாக்கேன் அண்ணே, ரெண்டு நாள் ஆவும்," என்றார்.

"இதுக்குத்தான் இவ்வளவு காசு போட்டு கம்பெனி மாத்துனீராக்கும்?" என்றார் அண்ணாச்சி. மனைவியின் முகம் சிறுத்துவிட்டது. அவள் தேர்ந்தெடுத்த கம்ப்யூட்டர். தப்பு அதனுடையது இல்லை, என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா திரையை எட்டிப் பார்த்தார். "இங்க பாரேன், கேஹெச் கேஹெச்னு இருக்கு. கம்ப்யூட்டர் இருமுதோ?"

"அது இருமல் இல்லக்கா. மாமா," என்றேன்.

சொன்னபிறகுதான் நான் சொன்னது எனக்கே தெரிந்தது.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் மெஷினில் கற்ற கை இது. கம்ப்யூட்டர் வந்தபோது அதே இடங்களில் அதே தமிழ் எழுத்துகள். எனக்கு ஆங்கில எழுத்துகள் மொழியாக அறிமுகமாகவே இல்லை, விசைகளாகத்தான் தெரியும். ஜே என்றால் த. கே என்றால் ம. ஹெச் என்றால் துணைக்கால். அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்தின் புள்ளி. விரலை மேசைமேல் வைத்து, திரையில் இருக்கிற எழுத்தை அடிப்பதுபோல அசைத்தால் தமிழ் தானாக வாய்க்கு வந்தது.

"இந்த வரி?" என்று அக்கா நடுவில் ஓரிடத்தைத் தொட்டார். பிளாஸ்டிக் தாள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

விரலை அசைத்தேன். அவருடைய மாமனார் பேர் வந்தது. பின்னால், 'தலைமையாசிரியர், ஓய்வு'.

அக்கா கையை எடுத்துக்கொண்டார். "அது நான் கடைசி நாளு சேக்கச் சொன்னதுலா," என்றார் மெதுவாக. இன்னொரு இடத்தைத் தொட்டார். படித்தேன். இன்னொன்று. படித்தேன். மனைவி நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"சரி. இப்போ மொத வரி."

அதற்கு முன்பே என் கண் அங்கே போயிருந்தது. தாய்மாமன். அக்கா வீட்டுக்காரர் இரண்டாவது. இந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மாற்றிச் சொன்னால் அக்கா சந்தோஷமாக ரயிலேறுவார். உள்ளதைச் சொன்னால் என் கடையிலேயே சண்டை ஆரம்பிக்கும். சண்டை என்றால் எனக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் என் விரல் அடித்த எழுத்து அது. எட்டு வருஷத்துக்கு முன்னால் பெரியவர்கள் சொல்லச் சொல்ல அடித்தது. விரலை அசைத்தேன். "தாய்மாமன்க்கா," என்று பேரையும் ஊரையும் சேர்த்துப் படித்தேன். "அடுத்தது உங்க வீட்டுக்காரரு."

அக்கா ஈர முடியை அவிழ்த்து மறுபடி முடிந்தார்.

"ஆமா," என்றார். "கடைசியில நான்தான விட்டுக்குடுத்தேன். மாமன் இல்லாம சடங்கே இல்லன்னு சொன்னாங்க. மறந்தே போச்சு பாரு." பிறகு அண்ணனைப் பார்த்து, "விட்டுக்குடுத்தது நான்னு எல்லார்ட்டயும் சொல்லிரணும்," என்றார்.

"போஸ்டரே அடிச்சி ஒட்டிருதேன் தாயி," என்றார் அண்ணாச்சி. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மிஷின் புதுசுதான் வே. ஆனா இத வாசிக்கதுக்கு நீருல்லா வேணும்."

மனைவி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நான் அந்தப் பிளாஸ்டிக் தாளின் ஓரத்தைப் பிடித்து உரித்துப் போட்டேன். இனி திருப்பிக் கொடுக்கிற பேச்சு இல்லை.

பட்டியலில் இருந்த இருபத்து மூன்று பெயரும் முடிந்தது. அக்கா கிளம்ப எழுந்தவர், கடைசியில் தனியாக நின்ற வரியில் விரலை வைத்தார்.

"எல்லாஞ் சரி தம்பி. எழுத்துதான் நமக்குப் புரியல, நம்பர் புரியும்லா. இங்கன 650ன்னு ஒண்ணு கிடக்கே, இது யாரு?"

அச்சுக்குப் போகாத, எழுத்து மட்டும் இருக்கிற ஃபைலில் எனக்கு வேண்டிய குறிப்பையும் கீழே அடித்துவைப்பது என் வழக்கம். அது என்ன என்று மனைவிக்கும் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். பக்க எண் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவ்வளவு நேரம் உள்ளதை உள்ளபடி படித்துவிட்டு, கடைசி வரியில் மட்டும் எப்படி?

விரலை அசைத்தேன். "பாக்கி, அண்ணாச்சி. மூத்த மக பத்திரிகைக்கு."

அண்ணாச்சி சிரித்த சிரிப்பு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். "எட்டு வருஷமா ஏன் வே கேக்கல?"

"கேட்டா தப்பா நெனச்சிருவீங்களோன்னு..."

"இப்போ கையில இல்ல. புதுசுலயும் அதே இடத்துல எழுதி வையும்."

வைத்தேன். புதுக் கம்ப்யூட்டரில் அந்தப் பத்திரிகையை அடித்து முடித்து, கீழே அந்த வரியையும் அடித்தேன். ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. புதுப் பத்திரிகைக்கான பணம் மறுநாளே முழுசாக வந்துவிட்டது. பழையதில் பாக்கி, இன்றைக்கும், அறுநூற்றைம்பது ரூபாய்.