வாசலில் ஒரு ஏர் ஷவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு மடையன். சும்மா இருந்த மடையன் இல்லை, ஏணி போட்டு ஏறி, ஸ்குரூ முடுக்கி, பாடுபட்டு மடையன் ஆனவன். என் வீட்டு வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு மேஜை விசிறிகளைப் பொருத்தி, உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வரவேண்டும் என்று சட்டம் போட்டேன். பால்காரர் சுற்றினார். கேஸ்காரர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே சுற்றினார். எதிர்வீட்டம்மா மட்டும் சுற்றாமல், "நான் அப்புறமா வர்றேன்" என்று போனவர்தான், அப்புறம் வரவே இல்லை.

இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் எனக்கு பெயின்ட் ஷாப்பில் வேலை. எங்கள் ஷாப்புக்குள் போகவேண்டுமென்றால் தலையிலிருந்து கால்வரை மூடுகிற வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, ஏர் ஷவர் என்கிற கண்ணாடிக் கூண்டில் நின்று, நாலு பக்கமும் காற்று அடிக்க, கையைத் தூக்கி ஒரு சுற்று சுற்றவேண்டும். ஒரு தலைமுடி போய் ஈரப் பெயின்ட்டில் உட்கார்ந்தால் போச்சு, அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி அடிக்கவேண்டும். வருஷக்கணக்காக இப்படிச் சுற்றிச் சுற்றி, உலகத்தில் எந்தத் தொல்லையையும் காற்றடித்து விரட்டிவிடலாம் என்று என் மூளையில் படிந்துவிட்டது.

அந்த மூளையோடுதான் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். கம்பெனியில் வருஷா வருஷம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் ஏதோ சரியில்லை என்று அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் என் மனைவி.

"ரத்தப் புற்றுநோய்தான். ஆனா மெதுவா போற வகை," என்றார் டாக்டரம்மா. "இப்போதைக்கு மருந்தே வேணாம். அப்பப்போ ரத்தம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம். வெள்ளணு ஏராளமா இருக்கு, ஆனா கிருமியோட சண்டை போடற திறமை அதுங்களுக்கு இல்ல. அதனால தொற்று வராம பாத்துக்கணும்."

"ஆளு நெறைய, வேல செய்யறவன் எவனும் இல்ல. எங்க ஓ.டி. ஷிஃப்ட் மாதிரியே இருக்கே டாக்டர்," என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். என் மனைவி சிரிக்கவில்லை. தடுப்பூசி, கை கழுவுவது, கும்பலில் மாஸ்க், காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் உடனே வருவது என்று டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவள்தான் கவனமாகக் கேட்டாள். என் காதில் விழுந்தது 'தொற்று' என்கிற ஒரே சொல். மறுநாளே விசிறி வாங்கிவிட்டேன்.

அவளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தவள் வாசலில் நின்று இரண்டு விசிறியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? நாள் பூரா அங்க கோட்டு மாட்டிகினு நிக்கிறேன். வூட்டுக்கு வந்தா இங்கயும் ஷாப் ஃப்ளோரா?"

"பாதுகாப்பு," என்றேன்.

"பெயின்ட் ஷாப்புல இருக்கறவனுக்கு எல்லாம் சளியே புடிக்கறது இல்லையா?" என்று கேட்டுவிட்டு, சுவிட்சை அணைத்து உள்ளே போனாள். இவளுக்கு விஞ்ஞானம் புரியவில்லை என்று நான் மறுபடி போட்டேன்.

வாலாஜாபாத்திலிருந்து மச்சான் வந்தான், அவளுடைய தம்பி. வாசலிலேயே மூக்கை உறிஞ்சினான். "மாமா, லேசா ஜலதோஷம் கீது. உள்ள வரலாமா, அப்படியே போய்டட்டுமா?"

நல்ல பிள்ளை. போயிருப்பான். நான் விட்டால்தானே?

"அதுக்குத்தானே மச்சான் இது வெச்சிருக்கேன்? கையத் தூக்கு. சுத்து."

சுற்றினான். ஓர் அடி தள்ளி, சூப்பர்வைசர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நான் நின்றேன். பாதிச் சுற்றில், சரியாக என் பக்கம் திரும்பும்போது, தும்மினான். என்ன தும்மல்! இரண்டு விசிறிகளும் சேர்ந்து அதைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து என் முகத்தில் ஒப்படைத்தன.

"மாமா, இப்ப ஃப்ரீயா இருக்கு. போய்டுச்சு," என்றான்.

போகத்தான் போனது. என்னிடம்.

இரண்டொரு நாளில் உடம்பு கொதித்தது. "பாராசிட்டமால் போட்டா..." என்று ஆரம்பித்தேன். அவள் தெர்மாமீட்டரைப் பார்த்தாள், என் செருப்பை எடுத்து முன்னால் போட்டாள், வண்டி பிடித்தாள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள்.

எனக்கு உடம்பைவிடப் பெரிய கவலை வேறு. ஆயுத பூஜை வந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எங்கள் கம்பெனிக்குள் குடும்பத்தோடு விடுவார்கள். பெயின்ட் ஷாப் வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயை உடைப்பது நான். ஷாப் ஆரம்பித்ததிலிருந்து நான்தான். ஒரே போடு, சுக்குநூறு. இந்த வருஷம் வேறு ஒருவன் கையில் பூசணிக்காயைப் பார்த்தால், நோயாளி என்கிற பட்டம் எனக்கு நிலைத்துவிடும் என்று தோன்றியது. அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டரம்மா எப்படி வந்தது என்று கேட்டார். என் மனைவி ஒன்று விடாமல் சொன்னாள். கையைத் தூக்கிச் சுற்றியும் காட்டினாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காத்து அடிச்சா துணியில இருக்கற தூசி போகும். கிருமி அவர் மூக்குலருந்து வருது. நீங்க அதுக்கு லிஃப்ட் குடுத்திருக்கீங்க."

"பூஜைக்கு போலாமா டாக்டர்?" என்றேன்.

புது ரிப்போர்ட்டை மேலும் கீழுமாகப் பார்த்தார். "போங்க. திறந்த வெளிதானே? மாஸ்க் போட்டுக்கோங்க. சளி இருக்கறவங்க பக்கத்துல நிக்காதீங்க. கை கழுவுங்க. இதோட நல்லா வாழறவங்க நிறைய பேர் இருக்காங்க, நீங்களும் வாழுங்க. அந்த விசிறிய மட்டும் கழட்டிடுங்க."

எழுந்து அங்கேயே கையைத் தூக்கி ஒரு சுற்று சுற்றியிருப்பேன். மனைவி சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

வாழைக்கன்று கட்டிய கம்பெனி பஸ், ஜன்னல் எல்லாம் திறந்து, காற்று விசிலடிக்கப் போனது. மாஸ்க்குக்குள் நான் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை. பெயின்ட் ஷாப் வாசலில் ஒரே கூட்டம், பிள்ளைகள், பொரி, சுண்டல், மைக். எங்கள் சூப்பர்வைசர் என்னைவிட ரொம்பச் சின்னவன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த கதை ஷாப் பூராவும் தெரியும். என்னைப் பார்த்ததும் மைக்கைப் பிடித்தான்.

"அண்ணன் வந்துட்டாரு! சளி, இருமல் இருக்கறவங்கல்லாம் மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்ட போங்கபா!"

தரையில் ஆட்கள் நடக்க மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். அதை மதிக்காதவன் ஃபேக்டரியில் ஒரு நாள் தாக்குப்பிடிக்க மாட்டான். மழைக்காலம் வேறு. முதலில் ஒருவன் நகர்ந்தான். அவன் மனைவி நகர்ந்தாள். நாலு பேர், பத்துப் பேர், ஒரு வரிசையே நகர்ந்தது. கேன்டீன்காரர் சுண்டல் அண்டாவோடு நகர்ந்தார். கடைசியில் சூப்பர்வைசர் இருமினான். மைக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மைக்கைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கோட்டைத் தாண்டினான்.

இந்தப் பக்கம் நான், என் மனைவி, பூசணிக்காய்.

அந்தப் பக்கம் மொத்த பெயின்ட் ஷாப்பும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது. ஒருவன்கூடத் தன் சளியை மறைக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. அதுவும் சளிதானோ என்று ஒரு நொடி பயந்தேன். இல்லை.

"அண்ணா, போடு!" என்று கத்தினார்கள்.

பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றிச் சுற்றினேன், தூக்கினேன், போட்டேன். ஒரே போடு! குங்குமம் சிதறி என் சட்டையெல்லாம் சிவப்பு. உள்ளே வைத்திருந்த சில்லறை மஞ்சள் கோட்டைத் தாண்டி உருண்டது, பிள்ளைகள் விழுந்து பொறுக்கினார்கள். கூட்டம் விசிலடித்தது, இருமியது, மறுபடி விசிலடித்தது.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பொரிப் பொட்டலத்துக்குக் கையை நீட்டியபடி மனைவியிடம் சொன்னேன்: "பாத்தியா? அடுத்த வருஷமும் நாந்தான். அதுக்கு அடுத்த வருஷமும் நாந்தான். ரிட்டயர் ஆனாலும் கூப்ட்டு வெச்சு உடைக்க சொல்லுவானுங்க. இன்னா சொல்ற?"

அவள் சிவந்திருந்த என் கையைப் பார்த்தாள். பொட்டலத்தை இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல போய் கைய கழுவுயா."